எண்ணெய் ஆகாத மூன்று நாள்

அண்ணையின் உடம்பில் இப்போது ஓடுவது ஒரு பெண்ணின் இரத்தம் என்று டொக்டர் சொன்னதும் நான் கைதட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி விறாந்தையால் போய்க்கொண்டிருந்த நேர்ஸ் ஒருத்தி நின்று, வாயில் விரலை வைத்து முறைத்தாள். முறைத்தால் முறைக்கட்டும். அந்தப் பெண் நான் அல்லவா!

எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. எனக்கு இருபத்துமூன்று வயது, அண்ணைக்கு இருபத்தேழு. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் வெங்காயத் தோட்டம் செய்துகொண்டிருந்த மனிதர். முந்தின வருடம் பல்முரசில் இரத்தம் கசிந்தது. எங்கும் அடிபடாமலே காலிலும் கையிலும் கன்றிப்போய்க் கறுத்தது. கடைசியில் இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஒரேயொரு வழிதான் இருந்தது. எலும்புக்குள்ளே இருக்கும் மச்சையில்தான் இரத்தம் உண்டாகிறதாம். அவருடைய மச்சையை அடியோடு அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவருடையதை ஏற்ற வேண்டும். கூடப்பிறந்தவர்களுடையது என்றால் நல்லது. அதற்குத் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும். லண்டனில் இருந்த மாமா செலவைப் பார்த்துக்கொண்டார். ஐயா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டுபேரும் கப்பலேறாத குறையாக, கொழும்பு போய், பிளேனேறி, ரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம்.

என்னுடையது அச்சொட்டாகப் பொருந்தியது. பொருந்தியது என்று தெரிந்த அன்று எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவள் என்றுதான் என் பெயர். சட்டிக்கும் சண்டை, சைக்கிளுக்கும் சண்டை. அப்படிப்பட்ட என்னிடம் இருந்து, உலகத்தில் வேறு யாரிடமும் வாங்க முடியாத ஒன்றை அண்ணை வாங்கப்போகிறார்! என்னை மயக்கிக் கிடத்தி, இடுப்பெலும்பில் ஊசியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். இரண்டு நாள் கதிரையில் ஒழுங்காக இருக்க முடியவில்லை. எடுத்ததைப் பார்த்தால் சாதாரண இரத்தப் பை மாதிரித்தான் இருந்தது. அதை அவருடைய நரம்பில் ஏற்றிவிட்டு, அவரைக் கண்ணாடி போட்ட அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள்.

மூன்று கிழமைக்கு மேல் காத்திருந்தோம். ஒவ்வொரு நாள் காலையிலும் அண்ணை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "பிடிச்சிட்டுதோ?" என்று கையால் கேட்பார். வெங்காயம் நட்டவன் கேட்கிற கேள்வி. நான் தாதிமாரிடம் ஓடிப் போய் அன்றைய இரத்த எண்ணிக்கையைக் கேட்டு வந்து, இல்லை என்று தலையாட்டுவேன். ஒரு நாள் ஆம் என்று ஆட்டினேன். அண்ணையைக் கண்ணாடி அறையால் வெளியே விட்ட பிறகுதான் அந்தச் சோதனை. அண்ணையின் இரத்த அணுக்களைப் பார்த்தால் அத்தனையும் பெண்ணின் அணுக்கள். என்னுடையவை!

"அப்ப நான் இனிச் சீலையோ உடுக்கிறது?" என்று அண்ணை கேட்டார்.

"உடுத்தால் என்ன, வடிவாய்த்தான் இருக்கும். மொட்டைக்கு மட்டும் ஏதும் செய்யவேணும்" என்றேன்.

டொக்டர் சிரித்தார். பிறகு, "உங்க ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் பேசணும்" என்றார். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது. கைதட்டினதற்குத்தான் ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஏசவில்லை. ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் வீடு ஒன்றைக் கீறினார்.

"இது உங்க அண்ணன் உடம்பு. உள்ளே இப்போ குடிவந்திருக்கிறது உங்க அணுக்கள். அதுங்களோட வேலையே வெளியாளைக் கண்டா அடிக்கிறதுதான். இங்க வந்து பார்த்தா சுத்தி இருக்கிற தோல், வயிறு, ஈரல் எல்லாமே வெளியாளாத் தெரியும். அடிக்க ஆரம்பிச்சிடும்."

அதற்கு நான்கு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. ஜீ.வி.எச்.டி. தங்கச்சியிடம் இருந்து அண்ணனுக்குப் போனால் அது கொஞ்சம் கூடுதலாக வரச் சாத்தியம் உண்டு என்றும் சொன்னார்.

"டொக்டர், உவள் வீட்டிலையும் உப்பிடித்தான்" என்று அண்ணை என்னைக் காட்டினார். டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சிரித்தேன், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூன்று கிழமையாக உயிர் கொடுத்தவள் என்று நிமிர்ந்து திரிந்த எனக்கு, அடிக்கப்போவதும் நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"முதல்ல எங்க பார்க்கணும்னா உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல். சிவக்கும், அரிக்கும், எரியும். பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றார் டொக்டர்.

அணுக்களை அடக்கி வைக்கக் குளிசைகளும் ஒரு மருந்தும் தந்தார்கள். குளிசைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து மட்டும் தொடர்ந்தது. சின்னப் போத்தலில் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி இருக்கும். எண்ணெயும் சாராயமும் கலந்த மணம். கண்ணாடிக் குழாயால் அளந்து எடுத்து, பாலில் கலக்கி, கண்ணாடிக் கிளாசில்தான் குடிக்க வேண்டும். காலை ஒரு தரம், மாலை ஒரு தரம், நேரம் தவறாமல். ஒரு வேளையும் விடக்கூடாது என்று டொக்டர் மூன்று முறை சொன்னார். வெயிலும் படக்கூடாதாம், வெயில் பட்டால் தோலில் அந்தச் சண்டை கிளம்பிவிடுமாம்.

"அப்ப நான் நிலவிலையோ தோட்டம் செய்யிறது?" என்றார் அண்ணை.

அம்மாவுக்கு நான் அங்கிருந்து கடிதம் எழுதினேன். மருந்தின் பெயர் இங்கிலிஷில் நீளமாக இருந்தது. எழுதினாலும் அம்மாவின் வாயில் நுழையாது. 'அண்ணைக்கு ஒரு எண்ணெய் குடுக்கினம், அதுதான் அவரை வைச்சிருக்குது' என்று எழுதினேன். அந்தப் பெயரை வைத்தவள் நான். இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

ஆனி மாதம் வீடு வந்து சேர்ந்தோம். படலையடியில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். தலையில் பூனைமயிர் மாதிரி முளைத்திருந்த அண்ணையைப் பார்த்ததும் தட்டை என் கையில் திணித்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். யார் யாருக்கு ஆரத்தி எடுப்பது என்று தெரியாமல் நான் எனக்கே எடுத்துக்கொண்டேன். எனக்கும் உரிமை உண்டுதானே!

அந்த ஒரு மாதம் மாதிரி ஒரு மாதம் எனக்குப் பிறகு வந்ததில்லை. வீடு நிறையச் சனம். வந்தவர்கள் எல்லாரும் அண்ணையைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்கள். "உவள்தானே குடுத்தவள்?" என்று காதில் விழுமாறு கேட்டார்கள். நான் தேத்தண்ணிக் கிளாசோடு குறுக்கும் மறுக்கும் நடந்தேன். தேவையில்லாமலும் நடந்தேன். அண்ணை தோட்டத்துக்குப் போகாமல் இருப்பாரா? நீளக்கைச் சட்டையும், தலையில் துவாயும், மேலே கறுப்புக் குடையுமாக வரம்பில் நின்று தண்ணீர் கட்டுகிறவர்களுக்குக் கட்டளை போட்டார். பக்கத்துத் தோட்டக்காரர்கள், "என்ன, பொம்பிளை பாக்க வெளிக்கிட்டாச்சோ?" என்று பகிடி பண்ணினார்கள். அண்ணையால் உறைப்பை வாயில் வைக்க முடியாது, வாய்ப்புண் எரியும். தூள் போடாத கறியோடு சோறு தின்கிற மகனைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்காது. ஆனால் காலையும் மாலையும் தவறாமல் குசினியில் இருந்து அவருடைய குரல் வரும்: "தம்பி, எண்ணெய் குடிச்சிட்டியோ?"

ஆடி பிறந்து சில நாளில், எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் கொப்பளிப்பான் வந்தது. வேப்பிலை கட்டியிருந்த அந்தப் படலைகளைத் தாண்டும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். எங்களூரில் அதை நோய் என்று சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வந்த அம்மாளை மரியாதையாக வைத்திருந்து, குளிரப்பண்ணி, தலைக்குத் தண்ணீர் வார்த்து அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி, மருந்து என்று ஓடினால் அவ கோபிப்பா.

ஒரு காலை அண்ணை கிணற்றடியில் நின்று உள்ளங்கையைக் கிணற்றுக்கட்டில் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கிட்டப் போனேன். முகமும் கழுத்தும் சிவந்திருந்தன. நெஞ்சில் பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது. தொட்டால் மேல் காய்ச்சலாகச் சுட்டது. நான் வாய் திறக்க முன்னம் பின்னால் வந்த அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயே, எங்கடை வீட்டுக்கும் வந்திட்டியோ" என்றார்.

எனக்கு ஓடித்திரிய ஒரு வேலை கிடைத்தது. வேப்பங்கொத்து முறித்தேன். படலையில் கட்டினேன். அண்ணையின் அறை வாசலில் கட்டினேன். பாயை விரித்து, வெள்ளை வேட்டியை அதன்மேல் போட்டேன். அம்மா குசினிக்குள் போய்ப் பொரிக்கிற தாச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அம்மாள் நிற்கிற வீட்டில் எண்ணெய் ஆகாது. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் போத்தலைத் துணியால் சுற்றி அம்மா கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் வைத்தார்.

மருந்து நேரம் ஆயிற்று. நான் பாலைக் கலக்கிக்கொண்டு கிளாசோடு அறைக்குப் போனேன். அம்மா வாசலில் மறித்தார்.

"எடி, என்னது?"

"அண்ணையின்ரை எண்ணெய்."

சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் மாறியது.

"அம்மாள் நிக்கிற வீட்டிலை எண்ணெயோ? உனக்கென்ன விசரோ? அதுவும் அவன்ரை வாய்க்குள்ளை! கொண்டுபோய் ஊத்தடி."

இந்த இடத்தில் நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். சட்டிக்கும் சைக்கிளுக்கும் சண்டை பிடித்தவள் இதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'இது எண்ணெயில்லை அம்மா, மருந்து. பெயர் வைச்சது நான்தான்.' அவ்வளவுதான் சொல்ல இருந்தது. நான் சொல்லவில்லை. கிளாசைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். மருந்துப் போத்தலையும் அம்மா கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

ஏன் என்று இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். வந்தது அம்மாள் என்றால் அது நான் அல்ல. கிணற்றடியில் அவர் உள்ளங்கையை உரசினதை நான் கண்டேன். டொக்டர் சொன்ன உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல் எல்லாம் எனக்கு மனப்பாடம். தெரியாது என்று சொன்னால் பொய். ஆனால் அம்மா கைகூப்பினதும் என் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது. ஒழுங்கை முழுதும் வந்திருக்கிறா, எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறா. இதில் என் இரத்தத்துக்கு என்ன பங்கு? அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதனால் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் இளநீரும் மோரும் கொடுத்தோம். வேப்பிலையால் தடவிவிட்டோம். அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டாம் நாள் பொரிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து முதுகெல்லாம் ஒரே சிவப்பாயிற்று. வயிற்றோட்டம் தொடங்கியது. எத்தனை தரம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். "அம்மாள் உக்கிரமாய் நிக்கிறா" என்று அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்.

மூன்றாம் நாள் காலை, அண்ணையின் காலடியில் இருந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தேன். அவர் காலை மடக்கி நீட்டினார். உள்ளங்கால் எனக்கு நேரே வந்தது. பழுக்கக் காய்ச்சின மாதிரிச் சிவந்து, குதிக்கால் பக்கம் தோல் எழும்பி நீர் கோத்திருந்தது. இரண்டு வீடு தள்ளி அம்மாள் வந்த பெண்ணை நான் முந்தின கிழமை பார்த்திருந்தேன். அவளுக்கு நெஞ்சிலும் முதுகிலும் முத்து முத்தாக நீர்க்கொப்புளம். உள்ளங்கால் சுத்தமாக இருந்தது. அண்ணைக்கோ ஒரு முத்தும் இல்லை. இந்தக் கால் டொக்டர் சொன்ன கால்.

விசிறினது போதும் என்று எழும்பினேன். குசினிக்குள் ஓடினேன்.

"அம்மா, உது அம்மாள் இல்லை."

"வாயை மூடு. அவ கேக்கப்போறா."

"கேக்கட்டும். உது அம்மாள் இல்லை. உது நானம்மா!"

"என்னடி பிசத்துறாய்?"

நான் கத்தினேன். கத்தித்தான் எனக்கு விளங்கப்படுத்தத் தெரியும். அவருக்குள்ளே ஓடுவது என் இரத்தம், அது அவருடைய தோலை வெளியாள் என்று நினைத்து அடிக்கிறது, வயிற்றை அடிக்கிறது, நாளைக்கு ஈரலை அடிக்கும், அதைக் கட்டி வைத்திருந்தது அந்த எண்ணெய், அது எண்ணெயே இல்லை, மூன்று நாளாகக் கட்டு அவிழ்ந்து கிடக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அம்மா அகப்பையோடு நின்று என்னைப் பார்த்தார். என்னை நம்பி அம்மாளைப் பகைப்பதா, விடுவதா என்று அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு அகப்பையை வைத்துவிட்டுச் சாமிப் படத்தடிக்குப் போனார்.

"தாயே, நீயெண்டால் கோவிக்காதை. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போட்டு வாறம். இவள்தான் எண்டால் இவளை நான் பாத்துக்கொள்ளுறன்."

அம்மா முடிவெடுத்தால் பிறகு அவரைப் பிடிக்க முடியாது. அந்த நிமிடத்தில் இருந்து வீடு பறந்தது. இந்தியாவில் டொக்டர் தந்த கடிதங்களை நான் எடுத்தேன். மருந்துப் போத்தலைக் கொட்டிலுக்குள் போய்த் தேடி எடுத்தேன். அம்மா ஒழுங்கையால் ஓடிப் போய், மொறிஸ் மைனர் கார் வைத்திருந்தவரைக் கையோடு கூட்டிவந்தார். அவர் படலையில் தொங்கிய வேப்பிலையைக் கண்டு பின்வாங்கினார்.

"அம்மாள் வந்த ஆளை நான் கார்லை ஏத்தமாட்டன் அக்கா. பிள்ளையள் இருக்கிற வீடு."

"அம்மாளோ? ஆர் சொன்னது?" என்றார் அம்மா, மூன்று நாளாக ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவர். "அவனுக்கு வந்திருக்கிறது என்ரை மகள்!"

காரோட்டி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

அப்படியும் அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வேப்பங்கொத்தைக் காருக்குள் கொண்டுவந்துவிட்டார். அதுதான் வழியில் எங்களைக் காப்பாற்றியது. அது இந்திய ஆமி இருந்த காலம். வாகனங்களை மறித்துச் சோதிக்கும் சென்ரியில் ஒரு நீண்ட வரிசை. ஒவ்வொரு வாகனமாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் ஆசனத்தில் அண்ணை என் மடியில் தலை வைத்துக் கிடந்தார். வெட்டிப்போட்ட வாழைக்குட்டி மாதிரி ஒரு பலமும் இல்லை. என்னால் இருக்க முடியவில்லை. இறங்கி நடந்து போய், தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவனைக் கூட்டிவந்தேன். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். சிவந்த முகம், வேப்பிலை.

"ஐயோ, அம்மையா?" என்று இரண்டு அடி பின்னால் போனான்.

"இல்லைத் தம்பி, அது என்ரை மக..." என்று காரால் இறங்கி நின்ற அம்மா தொடங்கினார். நான் அவருடைய காலை ஏறி மிதித்தேன்.

"ஓம் ஐயா, அம்மைதான்! கடும் அம்மை!"

"போங்க, போங்க, சீக்கிரம் போங்க!" வரிசையை விலக்கி எங்களை முதலில் விட்டான். காரோட்டி சிரித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று நாள் என்னைக் காப்பாற்றின பொய், கடைசியில் அவருக்கும் ஒரு உதவி செய்துவிட்டது.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் இளம் மனிதர். நான் நீட்டிய கடிதத்தை நின்றபடியே வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய கண் பெரிதாயிற்று. இன்னும் இரண்டு டொக்டர்மாரைக் கூப்பிட்டார். அண்ணையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்கள், உள்ளங்காலைப் பார்த்தார்கள், காதை மடித்துப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, நான் இதைப் புத்தகத்திலைதான் வாசிச்சிருக்கிறன்" என்றார் அவர். "மருந்தை எப்ப நிப்பாட்டினது?"

"மூண்டு நாள்."

"ஏன்?"

"எண்ணெய் எண்டபடியால்."

அவர் யாழ்ப்பாணத்து ஆள்தான். என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவின் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்தார். விளங்கிவிட்டது. நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அன்று எனக்கு ஏச்சு தேவையாகவும் இருந்தது. அவர் ஏசவில்லை.

"அம்மாளாயிருந்தாலும் முதல் நாளே வந்திருக்கவேணும் அம்மா. இவருக்கு இப்ப கொப்பளிப்பான் வந்தால் அது இன்னும் பயம். இனி மேலிலை ஒரு புள்ளி கண்டாலும் இஞ்சை வாங்கோ" என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, ஊசிமருந்து ஏற்றத் தொடங்கினார்.

இந்தியாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க ஒரு முழு நாள் சென்றது. அங்கிருந்த டொக்டர் சொன்ன அளவில் மருந்து நரம்பு வழியாகப் போயிற்று. இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. கண் மஞ்சளாகிறதா என்று ஒவ்வொரு மணித்தியாலமும் இமையை இழுத்துப் பார்த்தேன். கடைசியில் அண்ணை கையைத் தட்டிவிட்டார். அவர் செத்துப்போனால் கொன்றவள் நான், அதுவும் என் இரத்தத்தால் ஒரு தரம், மருந்தை ஊற்றி ஒரு தரமாக இரண்டு தரம் கொன்றவள் என்று எண்ணிக்கொண்டு கட்டிலடியில் இருந்தேன். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியவராது, எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் வயிற்றோட்டம் நின்றது. ஐந்தாம் நாள் சிவப்பு மங்கியது. பிறகு தோல் உரியத் தொடங்கியது. உள்ளங்கையில் இருந்து வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்! நான் வார்ட் முழுக்க ஓடி, டொக்டரைச் சட்டையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினேன்.

அவர் கையைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். "அடங்கிவருது. முழுக்க அடங்கவும் தேவையில்லை" என்றார்.

"ஏன் டொக்டர்?"

"பழைய புற்றுநோயின்ரை மிச்சம் எங்கையும் ஒளிச்சிருந்தால் அதைத் தேடி அடிக்கிறதும் இதே அணுக்கள்தான். சண்டை பிடிக்கத் தெரியாத அணுவாலை அவருக்குப் பிரயோசனமில்லை. கொஞ்சம் சண்டை இருக்கட்டும். நாங்கள் அதைக் கட்டிப்போட்டு வைச்சிருப்பம்."

எனக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும் போல இருந்தது. துள்ளினேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அடிக்கிறவளும் நான், காவலுக்கு நிற்கிறவளும் நான்! அண்ணையிடம் போய்ச் சொன்னேன். ஒன்றுக்கு மூன்று தரம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

அன்று பின்னேரம் அம்மா தேத்தண்ணி வாங்க வெளியே போயிருந்தார். அண்ணை என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உது அம்மாள் இல்லையெண்டு. கிணத்தடியிலை கை அரிக்கேக்கையே தெரியும். டொக்டர் சொல்லேக்கை நானுந்தானே பக்கத்திலை நிண்டனான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப ஏன் வாய் திறக்கேல்லை? மூண்டு நாள்! விசரா உங்களுக்கு? செத்துப்போயிருந்தால்?"

அவர் உரிந்துகொண்டிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாசல்லை வேப்பிலை கட்டிக்கொண்டு நிண்டனி. நான் படுத்திருந்து உன்ரை முகத்தைப் பாத்தன். நாங்கள் இந்தியாவாலை வந்ததுக்குப் பிறகு நீ அவ்வளவு நிம்மதியாய் நிண்டதை நான் காணேல்லை. தப்பினால் தப்பட்டும், இல்லாட்டி அம்மாளாலை போனதாய் இருக்கட்டும். உன்னாலை எண்டு உனக்கு இருக்கக்கூடாது எண்டு நினைச்சன்."

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாமல் விட்டால் அவர் செய்தது வீணாகாமல் இருந்திருக்கும். ஆனால் என்னால் முடியவில்லை.

"எனக்கும் தெரியும் அண்ணை" என்றேன். "தெரிஞ்சு கொண்டுதான் கட்டினனான். தெரிஞ்சு கொண்டுதான் ஊத்தினனான்."

"ஓம்" என்றார் அண்ணை. "அதுவும் எனக்குத் தெரியும்."

அந்த வார்டில் இருபது கட்டில் இருந்தது. இருபது கட்டிலில் கிடந்தவர்களும் தலையைத் தூக்கிப் பார்க்க, நான் வாய்விட்டுக் கத்தி அழுதேன்.